கொல்லையில் நட்ட கல்யாண முருங்கை

கவிதா, நேற்று போனில் நீயும் கத்தினாய், நானும் கத்தினேன். யார் முதலில் போனை வைத்தது என்று எனக்கு நினைவில்லை. நீதான் என்று உன் அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். "நலங்கு வைங்க, மாலை போடுங்க, எல்லாத்துக்கும் சரிப்பா. ஆனா என் கல்யாணத்துல அந்தக் கல்யாண முருங்கைக் கொம்பு மட்டும் இருக்கக் கூடாது" என்றாய். திருப்பாதிரிப்புலியூர் பந்தல் காண்ட்ராக்டர் பெண் பேசுகிற பேச்சா இது? கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஊரான் வீட்டுக்கெல்லாம் பந்தக்கால் நட்டுக் கொடுத்தவன் நான். என் சொந்தப் பெண்ணின் பந்தலில் கொம்பு இல்லையென்றால் நாளைக்கு எவன் என்னைக் கூப்பிட்டு முகூர்த்தத்துக்குப் பந்தல் போடச் சொல்வான்? அந்த ஆத்திரத்தில்தான் கத்தினேன். காலையில் காபி குடிக்கும்போதுதான் நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று உறைத்தது. மறுபடி போனில் பேசினால் மறுபடி கத்துவோம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசும் படித்துவிட்டுப் பதில் சொல். பாதியில் போன் பண்ணி "அப்பா, நீங்க என்னா எழுதியிருக்கீங்க" என்று ஆரம்பிக்காதே.

சிதம்பரத்துச் சம்பந்தியம்மா கெட்ட எண்ணத்தில் எதுவும் கேட்கவில்லை. "கல்யாணம் முடிஞ்சதும் கொம்ப எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க, கெணத்தடியில நட்டுடலாம்" என்றார்கள். அது வழக்கம்தான். பந்தலில் நட்ட கொம்பைப் பெண் வாழப்போகிற வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் ஊன்றுவார்கள். சாம்பாரில் போடுகிற முருங்கை இல்லை, கோயம்புத்தூரில் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லி வை. இது முள்ளு முருங்கை. அகலமான இலை, ரத்தச் சிவப்பில் பூ, மழைக்காலத்தில் சளி பிடித்தால் இலையை அரைத்து உன் அத்தை அடை சுடுவாளே, அது. வெட்டிய கொம்பை மண்ணில் நட்டாலே துளிர்த்துவிடும் மரம். துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். துளிர்க்காவிட்டால் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். துளிர்த்த பிறகும் நம் வீட்டில் என்ன நடந்தது என்பதும் உனக்குத் தெரியும். ஆனால் முழுசாகத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2004-ல் நீ சிதம்பரத்தில் விலங்கியல் படிக்கப் போய் ஹாஸ்டலில் சேர்ந்தாய். சனிக்கிழமை மத்தியானம் பஸ் இறங்கி வருவாய், தோளில் பை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் லென்ஸ். தாலியை விட அதைப் பத்திரமாக வைத்திருப்பாள் போலிருக்கிறது என்று உன் அத்தை சொல்வாள். முதல் தடவை அந்த லென்ஸோடு வந்த அன்று, கை கால் கூடக் கழுவாமல் வாசல் புங்க மரத்தடியில் நின்றுவிட்டாய். அந்த மரத்து இலைகளின் மேல் விரல் விரலாக நீட்டிக்கொண்டு சின்னச் சின்னதாக முண்டு இருக்குமே, அதை நான் சின்ன வயசிலிருந்து காய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். "காய் கெளையில காய்க்கும்பா. எலை மேல எப்படிக் காய்க்கும்?" என்று கேட்டாய். இத்தனை வருஷம் அந்த மரத்தடியில் மூங்கில் அடுக்கியவனுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. இலையைத் திருப்பி, ஒவ்வொரு முண்டுக்கும் அடியில் சின்னதாக ஒரு வாய் திறந்திருப்பதைக் காட்டினாய். பிளேடால் அறுத்தாய். உள்ளே மெத்தென்று முடி. அதற்குள் கண்ணுக்கே தெரியாத சிலந்திப் பேன்கள் குடியிருக்கின்றன என்றாய். லென்ஸில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், எப்படித் தெரியவில்லை என்று சொல்வது?

அதற்கப்புறம் நம் வீட்டில் ஒரு இலையைக் கூட நிம்மதியாகப் பறிக்க முடியவில்லை. அடியில் வாய் திறந்து உள்ளே முடி இருந்தால் சிலந்திப் பேன். நாலு பக்கமும் மூடி, உள்ளே கெட்டியான அறை இருந்து, மேலே ஊசி குத்தினது போல் துளை இருந்தால் குளவி வந்து போயிருக்கிறது. மாவிலையில் மிளகு மிளகாகப் புடைத்திருந்தால் ஒரு பொடி ஈ. இதெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம், பார்த்தாயா? பூச்சி அந்த முண்டைக் கட்டுவதில்லை, முட்டை வைத்ததும் மரம்தான் தன் உடம்பிலிருந்தே அதைக் கட்டிக் கொடுக்கிறது என்று நீ சொன்னபோது எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. கல்யாணம் அவர்களுடையது, பந்தல் நம்முடையது, அதே கதைதான் என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நான் வேலை எடுத்திருந்தபோது சாப்பிட வந்தாயே, அது ஞாபகம் இருக்கிறதா? வாசல் தோரணத்திலிருந்து ஒரு மாவிலையைப் பிய்த்து, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் "இதுக்குள்ள புழு இருக்குது பாருங்க" என்று சந்தோஷமாகக் காட்டினாய். அந்த மனுஷன் நேராக என்னிடம் வந்து, "இன்னாய்யா, புழு புடிச்ச மாவெலயா கட்டியிருக்க?" என்று குதித்தார். முகூர்த்த நேரத்தில் தோரணம் முழுக்க அவிழ்த்து வேறு கட்டினேன். உன்னை அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. இப்போது திட்டுகிறேன், எடுத்துக்கொள்.

2006 வைகாசியில் உன் அண்ணன் செந்தில் கல்யாணம். உன் அம்மா போன பிறகு நம் வீட்டில் நடந்த முதல் விசேஷம் அதில்லை. அதற்கு முந்தின வருஷம் சாந்தி கல்யாணம் நடந்துவிட்டது. உன் அத்தை தன் வீட்டைப் பூட்டிவிட்டு, சாந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து உங்கள் ரெண்டு பேரையும் வளர்த்தவள். அவள் பெற்ற ஒரே பெண்ணைத் திருவதிகையில் கட்டிக் கொடுத்தபோது பந்தல் முழுக்க நான்தான் போட்டேன், கொம்பையும் நானே கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டுக் கொல்லையில் நட்டேன். செந்திலுக்கும் அதே மரத்தில்தான் வெட்டினேன். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் வேலியில் நின்ற மரம். கை பட்டால் துளிர்க்கும் என்று எங்கள் தொழிலில் அதற்குப் பேர். மணப்பெண் வாணி மேல்பட்டாம்பாக்கத்துக்காரி, வாய் திறந்து பேச மாட்டாள், ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கொம்பில் சுற்றியிருந்த மஞ்சள் துணி அவிழ்ந்ததைப் பார்த்துத் தானே எட்டிக் கட்டினாள். கல்யாணம் முடிந்து நம் கொல்லையில் நட்டதும் உன் அத்தை பால் தெளித்தாள். ஆனியில் முதல் துளிர் வந்தது. தெருவுக்கே கூப்பிட்டுக் காட்டினாள். "எம்மருமவ கை ராசி" என்று பாட்டாகப் பாடினாள். அந்த மாதிரி நாட்களை இப்போது நினைத்தால் நெஞ்சு நிறைகிறது கவிதா. நீ சனிக்கிழமை வருவாய், வாணி உனக்கென்று மீன் குழம்பை எடுத்து வைத்திருப்பாள், செந்தில் கேட்டால் கூடக் கொடுக்க மாட்டாள்.

ஆவணி கடைசியில் இலை வீங்க ஆரம்பித்தது. முதலில் காம்பில் ஒரு முண்டு. பிறகு இலை நரம்பெல்லாம் முண்டு முண்டாக, இலை சுருண்டு, கோணிக்கொண்டு, பார்க்கவே பிடிக்கவில்லை. புதுத் துளிர் வரும்போதே வீங்கிக்கொண்டு வந்தது. உன் அத்தை முதலில் சாம்பலைத் தூவினாள், வேப்ப எண்ணெய் தெளித்தாள், மிளகாய் சுற்றிப் போட்டாள். பிறகு பேச்சு மாறியது. "நட்டது நல்லாத்தான் நட்டோம். வந்தது எப்படியோ" என்று காற்றைப் பார்த்துச் சொல்வாள். வாணி அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். உன் அண்ணன் என்ன செய்தான் என்று கேட்கிறாயா? வாயில் கொழுக்கட்டை. பெற்றவள் போன பிறகு சோறு ஊட்டிய அத்தையை அவன் எப்படி எதிர்ப்பான்? எனக்கே நாக்கு எழவில்லை. ஒருநாள் விடியற்காலையில் முகூர்த்தத்துக்குச் சாமான் ஏற்றப் போனபோது, கொல்லையில் வாணி நின்றிருந்தாள். முண்டு பிடித்த இலையை ஒவ்வொன்றாகத் தேடிக் கிள்ளி, புடவைத் தலைப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். உன் அத்தை எழுந்து வருவதற்குள் மரம் கொஞ்சம் நல்லபடியாகத் தெரியட்டும் என்று. நான் படலுக்கு வெளியே நின்று இருமினேன். அவள் உள்ளே ஓடிய பிறகுதான் போனேன். அப்புறம் தினமும் அந்தப் பக்கம் போனால் இருமிவிட்டுத்தான் போவேன். எனக்குச் சளி என்று உன் அத்தை கஷாயம் வேறு போட்டுக் கொடுத்தாள்.

நீ வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். முண்டைப் பிளந்து உள்ளே இருந்த வெள்ளைப் புழுவைக் காட்டினாய். முந்தின வாரம் நீ பாட்டிலில் போட்டு மூடி வைத்திருந்த இலையிலிருந்து கொசுவை விடச் சின்னக் குளவிகள் வந்திருந்தன. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த பூச்சி, ஊரெல்லாம் முள்ளு முருங்கையை மட்டும் தேடிப் பிடிக்கிறது என்றாய். உன் அத்தை அசையவில்லை. நீ கடைத்தெருவுக்கு ஓடி நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் வாங்கி வந்தாய். "இது என்னா அத்த?" என்றாய். "மாசிக்கா. கொழந்தைக்கு ஒரைச்சு நாக்குல தடவுறது. இது கூடவா தெரியாது?" என்றாள். "இது காயே இல்ல. எங்கயோ ஒரு மரத்துல குளவி முட்டை வெச்சு வந்த முண்டு. இந்தா, ஓட்டை. குளவி வெளிய போன வழி" என்றாய். உன் அத்தை விடுவாளா? "ஓட்டை விழுந்தத எவ வாங்குவா? சத்து போயிருக்கும். உங்கம்மா புள்ள பெத்துப் படுத்தப்போ நான் ஓட்டை இல்லாததா பொறுக்கி வாங்கித்தான் உனக்கும் உங்கண்ணனுக்கும் ஒரைச்சேன்." நீ அதற்கு, "அப்ப குளவி உள்ளயே இருக்கறதா பாத்து எங்க வாயில போட்டிருக்கீங்க" என்றாய். செந்தில் சிரித்தான், நான் சிரித்தேன், வாணி எத்தனையோ வாரம் கழித்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். உன் அத்தைக்குக் கூட உதட்டோரம் துடித்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம் நீ.

நிறுத்தவில்லை. ஜெயித்துவிட்ட குஷியில் ஒரு இலைக் காம்பை எடுத்து எல்லோர் முன்னாலும் நீட்டினாய். "இன்னொண்ணும் கண்டுபுடிச்சன். எலை தானா விழல. ஆடும் கடிக்கல. பாருங்க, நகம் பட்ட தடம். முண்டு இருக்கற எலையா பாத்து யாரோ தெனம் கிள்ளுறாங்க." வாணியின் கை தலைப்புக்குள் போனது. அதை உன் அத்தை பார்த்தாள். சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. "தப்பு இல்லாதவ எதுக்கு மறைக்கணும்?" என்றாள், அவ்வளவுதான். நீ கண்டுபிடித்தது சரிதான் கவிதா. நீ எதையும் தப்பாகக் கண்டுபிடித்ததே இல்லை. சபையில் நீட்டியதுதான் பிசகு. மாவிலையை நீட்டினாயே, அதே மாதிரி. அன்று சாயந்திரம் பஸ்ஸில் ஏறும்போது நீ அழுதுகொண்டே போனாய். அந்த அழுகையைத்தான் இத்தனை வருஷம் கழித்து நேற்று போனில் கேட்டேன் என்று நினைக்கிறேன். கொம்பு மேல் உனக்கு இருக்கிற கோபம் பாதி உன் மேல் நீயே வைத்திருக்கிற கோபம். இதைப் படித்து முடிக்கும்போது அதை இறக்கி வைத்துவிடு.

இனி நீ அறியாதது. அந்த வாரம் உனக்குப் பரீட்சை, சனிக்கிழமை வரைக்கும் வீட்டுப் பேச்சு உன் காதுக்கு எட்டவில்லை. வியாழக்கிழமை உன் அத்தை தீர்ப்புச் சொன்னாள். "வாணி கொஞ்ச நாள் அம்மா வூட்டுல இருக்கட்டும். திருவதிகையில அர்ச்சனை பண்ணிட்டு, நல்ல நாள் பாத்து வேற கொம்பு நட்டு, அப்பறம் கூட்டியாரலாம்." கொஞ்ச நாள் என்று போன பெண் திரும்பி வராத வீடு நம் தெருவிலேயே இருக்கிறது. அது வாணிக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் பையில் துணியை அடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். அழக்கூட இல்லை. பந்தல் சாமான் ஏற்றும் நம் வண்டியில் உன் அத்தையும் அவளும் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், நான் ஓட்டினேன். மேல்பட்டாம்பாக்கம் வழியில்தான் இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. "அக்கா, மொதல்ல திருவதிகைக்குப் போயி அர்ச்சனைய முடிச்சிடலாம், சாந்தியயும் பாத்துட்டு, திரும்பும்போது இவள எறக்கிடலாம்" என்றேன். சரி என்றாள். சாந்தி வீட்டுக் கொல்லையில் நான் நட்ட கொம்பும் அதே கொடிக்கால் மரத்துக் கொம்பு என்பது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நீ ஊரெல்லாம் என்று சொல்லியிருந்தாயே. நீ சொன்னது சரியாக இருக்க வேண்டுமே என்று திருவதிகை வரைக்கும் வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

அர்ச்சனை முடித்துச் சாந்தி வீட்டுக்குப் போனோம். சாந்தி அப்போது மாசமாக இருந்தாள், உள்ளே படுத்திருந்தாள். வாணியை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அக்கா நேராகக் கொல்லைக்குப் போனாள், கை கழுவுகிற சாக்கில். நானும் பின்னாலேயே போனேன். மரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஒரு இலை உருப்படியாக இல்லை. நம் வீட்டை விட மோசம். அக்கா அப்படியே நின்றாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? சுற்றிப் பார்த்துவிட்டு, கைக்கு எட்டிய முண்டு பிடித்த இலையையெல்லாம் சரசரவென்று கிள்ளினாள். கிள்ளிக் கிள்ளி மடியில் கட்டினாள். அந்த நேரம் பார்த்துச் சாந்தியின் மாமியார் முறத்தோடு கொல்லைக் கதவைத் திறக்க வருகிற சத்தம். அக்கா மடியைப் பிடித்துக்கொண்டு மரத்தோடு மரமாக நின்றாள்.

எங்கிருந்து வந்தாளோ, வாணி அந்தக் கதவுக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றாள். வண்டியில் இருக்கச் சொன்னவள்தான். "அத்த, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா? வண்டியில வந்தது ஒரு மாதிரி கொமட்டுது" என்றாள். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "என்னாம்மா, விசேஷமா? வா வா, உள்ள வா, எலுமிச்சம்பழம் இருக்குது" என்று முறத்தைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விசேஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. தன்னை வீட்டை விட்டு அனுப்புகிறவளுக்காக அந்தப் பெண் பொய் சொன்னாள். தினமும் விடியற்காலையில் இலை கிள்ளியவளுக்கு, இன்னொருத்தி கிள்ளுவது பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது அக்கா மடி புடைத்திருந்தது. மேல்பட்டாம்பாக்கம் வந்தது. வாணி காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் வேகத்தைக் குறைத்தேன். "எதுக்கு ஸ்லோ பண்ற?" என்றாள் அக்கா. "வாணி வீடு வந்திருச்சிக்கா." அக்கா முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவ வீடு திருப்பாப்புலியூர்ல இருக்குது. ஓட்டு." நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை, கண்ணை மறைத்தது. வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் போய் மடியை அவிழ்த்து இலைகளைக் கொட்டினாள். "இனிமே கிள்ளாதடி. கிள்ளி மாளாது" என்று வாணியிடம் சொன்னாள். என்னைப் பார்த்து, "இது யாருக்கும் தெரியக் கூடாது. உம்பொண்ணு கிட்ட கூட. சாந்தி மாமியா காதுல விழுந்தா எம்பொண்ணு கதி என்னாவும்?" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். மறுநாள் சனிக்கிழமை நீ பயந்துகொண்டே வீட்டுக்குள் நுழைந்தாய். உன் அத்தை, "அந்தக் கண்ணாடிய எடுத்தா கவிதா, அந்தப் பூச்சிய நானும் பாக்கறன்" என்றாள். மாசிக்காய் வேலை செய்துவிட்டது என்று நீ தலைகால் புரியாமல் குதித்தாய். இன்றைக்கு வரைக்கும் உன் சிநேகிதிகளிடம் அப்படித்தான் சொல்கிறாய். உன் மாசிக்காயையும் குறைத்துச் சொல்லவில்லை. திருவதிகையில் அந்த இலையைப் பார்த்தபோது அது என்ன என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது, அது நீ சொல்லிக் கொடுத்தது. ஆனால் தெரிந்த பிறகும் அவள் கை ஏன் கிள்ளியது? அதுதான் பயம். பெண்ணைக் கொடுத்த வீட்டில் அந்தப் பயத்தோடு நிற்பவளுக்கு லென்ஸ் மட்டும் போதாது, கதவுக்கு நடுவில் வந்து நிற்க ஒரு ஆள் வேண்டும்.

அதற்கப்புறம் நான் எந்த வீட்டில் பந்தக்கால் நட்டாலும், பால் தெளிக்கும்போதே பெரியவர்களிடம் சொல்லிவிடுவேன்: "எலை வீங்குனா அது பூச்சி. பொண்ணு இல்ல." சில பேர் முறைப்பார்கள். முகூர்த்த நேரத்தில் பேசுகிற பேச்சா என்பார்கள். அந்த நேரத்தில்தானே எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்கள், வேறு எப்போது சொல்வது? வாணிக்குக் குழந்தை பிறந்தபோது உன் அத்தை நாட்டு மருந்துக் கடைக்குத் தானே போய் ஓட்டை விழாத மாசிக்காயாகப் பொறுக்கி வந்தாள். "குளவி உள்ளயே இருக்குது, சத்து போயிருக்காது" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். போன வருஷக் கடைசியில் அடித்த புயலில் நம் கொல்லை மரமும் சாய்ந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தபோது நம் முள்ளு முருங்கைக்கு யார் அழப்போகிறார்கள்? வாணி அழுதாள். அடிக்கட்டையை வெட்ட விடவில்லை. சித்திரையில் அது துளிர்த்துக்கொண்டு எழுந்தது, இப்போது கொம்பு விட்டு நிற்கிறது. நீ விட்டுவிட்டுப் போன பழைய லென்ஸை வைத்துக்கொண்டு அவள்தான் இலை இலையாகப் பார்க்கிறாள். அங்கங்கே ஒரு முண்டு இருக்கிறது, முன்னைப் போல் இல்லை என்கிறாள்.

இன்று காலை நம் சண்டையை அடுப்படியில் சொன்னேன். உன் அத்தை, "சாந்தி மாமியாவும் போயி சேந்துட்டாங்க. இனிமே எனக்கு என்னா? திருவதிகையில நடந்தத அவளுக்கு எழுதிடு" என்றாள். அதனால்தான் சத்தியத்தை மீறாமல் இதை எழுத முடிந்தது. உன் கல்யாணத்துக்குக் கொம்பு உண்டு, கவிதா. அதில் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். நம் கொல்லைக் கட்டையிலிருந்து வாணி கையால் வெட்டப்போகிற கொம்பு. ஆனால் அது சிதம்பரம் போகாது. பந்தல் பிரித்ததும் திரும்ப இங்கேயே வரும், தாய் மரத்துக்குப் பக்கத்தில் நடுவோம். சம்பந்தியம்மா கேட்டால், எங்கள் பக்கம் பெண் பிறந்த வீட்டில்தான் நடுவது வழக்கம் என்று சொல்லிக்கொள்கிறேன். அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. பந்தல்காரன் சொன்னால் நம்புவார்கள். இந்த யோசனை என்னுடையது என்று நினைத்து அப்பாவைப் பாராட்டிவிடாதே. மாவு பிசைந்துகொண்டிருந்த வாணிதான் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"போற வீட்டுக்குக் கவிதா மட்டும் போனா போதும் மாமா. அவ எலைய அங்க யாரும் பாக்க வேணாம். கொம்பு எங்கிட்ட இருக்கட்டும். முண்டு வந்தா வரட்டும், நான் கிள்ள மாட்டேன்."

அப்பா